தொடாமல் அளந்த தண்ணீர்

என் மனைவியின் வீட்டிலிருந்து வீதிக்கு வர ஒரு வழிதான் உண்டு. அதுவும் அவளுடைய அண்ணன், என் மச்சானின் முற்றத்துக்குள்ளால் வருகிறது. மட்டக்களப்புப் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். கலியாணம் முடித்தவன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர வேண்டும். மாமா தன் வளவை இரண்டாக்கி, வீதிப் பக்கத்தை மகனுக்கும் வாவிப் பக்கத்தை மகளுக்கும் எழுதிவிட்டுக் கண்ணை மூடினார். ஆகவே நான் பாண் வாங்கப் போனாலும் சரி, தலைமயிர் வெட்டப் போனாலும் சரி, அவர் கதிரையில் சாய்ந்து இருந்தபடி, “எங்க மச்சான், வெளிக்கிட்டாச்சோ?” என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். அன்பாகக் கேட்டால் பதில் சொல்லாமல் போக முடியாது என்பதுதான் அப்போது எனக்கு எரிச்சல்.

நான் வெல்லாவெளிக்காரன். எங்கள் வட்டைக்குள் இறங்கினால் வயல் முடியும் வரைக்கும் கேள்வி கேட்க ஒரு ஆள் இல்லை. கலியாணத்துக்கு முன் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் நீச்சல் தடாகத்துத் தண்ணீர் பார்க்கும் வேலை செய்தேன். பிஎச் மீற்றர் முதன்முதல் என் கைக்கு வந்தது அங்கேதான். அங்கே நான் ஏழரை என்றால் ஏழரை. வெள்ளைக்காரர் குளித்துவிட்டுக் கண்ணைக் கசக்காமல் போனால் என் வேலை சரி. அந்த எண்ணை எழுதிப் பலகையில் மாட்டுவேன். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த நிம்மதியின் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

மனைவிக்கு வயிற்றில் பிள்ளை தங்கியதும், அவ்வளவு தூரத்தில் வேலை வேண்டாம் என்று மாமி பிடிவாதமாக நின்றா. மச்சான்தான் அங்கே இங்கே ஆள் பிடித்து, வாவித் தண்ணீரைப் பரிசோதிக்கும் ஒரு திட்டத்தில் எனக்கு வேலை எடுத்துத் தந்தார். அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசிப் பாரத்தை இறக்கியிருப்பேன். அவர் சொல்லாததால் அது அப்படியே என் தலையில் இருந்தது.

பிஎச் என்பது, தண்ணீர் புளிப்புப் பக்கமா சுண்ணாம்புப் பக்கமா என்று காட்டும் எண். ஏழு நடு. தேசிக்காய்ப் புளி அதற்கு எவ்வளவோ கீழே, சுண்ணாம்புத் தண்ணீர் எவ்வளவோ மேலே. மீற்றர் கைக்குள் அடங்கும். நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். அந்தக் குமிழுக்கு இருக்கும் ரோசம் மாப்பிள்ளை வீட்டாருக்கும் கிடையாது. காய விடக் கூடாது. உரசித் துடைக்கக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும். வெயிலில் விட்டால் கெட்டுப் போகும். வயது போகப் போக உள்ளதைக் குறைத்துச் சொல்லத் தொடங்கும்.

அதனால்தான் அளக்கப் போகும் ஒவ்வொரு நாளும் முதலில் கலிபிரேட் பண்ண வேண்டும். ஏழு என்று நமக்குத் தெரிந்த கரைசலில் குமிழை விட்டு, பொத்தானை அழுத்தி, இதுதான் ஏழு என்று மீற்றருக்குச் சொல்ல வேண்டும். பிறகு பத்து என்று தெரிந்த கரைசலில் விட்டு, இதுதான் பத்து என்று சொல்ல வேண்டும். நாம் சொல்வதை அது கேட்ட பிறகுதான் அது சொல்வதை நாம் கேட்கலாம். ஏழு மஞ்சள் நிறம், பத்து நீலம். நீலத்தைத் திறந்து வைத்தால் காற்றுப் பட்டே இறங்கிவிடும். அன்றைக்கு ஊற்றியதை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும். எங்கள் திட்டத்தில் நல்ல மீற்றர் ஒன்று பட்டணத்தில் எங்கள் மேலதிகாரியான பெரியவரின் மேசையில் இருந்தது. எனக்குத் தந்தது ஒரு கிழம்.

மச்சானுக்கு வாவிக் கரையில் இறால் குளம் இருக்கிறது. குளத்துத் தண்ணீரை வெளியே விடும் மடை ஒரு சிறு வாய்க்காலில் திறக்கும், வாய்க்கால் வாவியில் விழும். வாய்க்கால் விழுகிற அந்த மூலையில் இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் அத்தாங்கு வலை போட்டு இறாலும் குஞ்சு மீனும் வாருவார்கள். பண்ணைக்காரருக்கும் மீனவர் சங்கத்துக்கும் முன்பு சண்டை நடந்து, கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்திருந்தார்கள். வாய்க்காலில் பிஎச் ஒன்பதைத் தாண்டினால், அது இறங்கும் வரைக்கும் மடையைத் திறக்கக் கூடாது. அளப்பது எங்கள் திட்டத்தின் வேலை.

அந்த வருசம், காலம் தப்பி ஒரு மழை அடித்தது. புதிதாகக் குஞ்சு விடக் குளத்தைத் தயாராக்க வரம்பெல்லாம் மச்சான் சுண்ணாம்பு கொட்டி வைத்திருந்தார். மழை அவ்வளவையும் கழுவிக் குளத்துக்குள் இறக்கிவிட்டது. மடைப் பலகையின் இடுக்கால் கொஞ்சம் வாய்க்காலுக்கும் போனது. விடிய அத்தாங்கோடு வந்த பெண்கள், வாய்க்கால் மூலையில் சின்ன மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதப்பதைக் கண்டார்கள்.

மச்சானுக்கும் அவசரம். சிலாபத்துப் பக்கமிருந்து இறால் குஞ்சு லொறியில் புறப்பட்டுவிட்டது. பின்னேரம் வந்து சேரும். அதற்குள் குளத்துச் சுண்ணாம்புத் தண்ணீரைத் திறந்துவிட்டு, புதுத் தண்ணீர் ஏற்றினால்தான் குஞ்சு விடலாம். மடை மூடினால் குஞ்சுக்குப் போக இடமில்லை. அந்த வருசத்துப் பண்ணையும் இல்லை.

பட்டணத்துப் பெரியவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “சேர், இது என்ட மனிசிட அண்ணன்ட பண்ணை. வேற ஆள அனுப்புங்க,” என்றேன். அவர் சிரித்தார். “மீற்றருக்கு மச்சான் மாமன் இல்லத்தானே. அந்தப் பக்கம் நீர் ஒருத்தர்தான் இருக்கிறீர். போய் அளந்து படத்த வாட்ஸ்அப்பில போடும்,” என்று சொல்லி வைத்துவிட்டார். மீற்றருக்கு மச்சான் இல்லை. எனக்கு இருந்தார். புறப்பட்டு மச்சானின் முற்றத்தைத் தாண்டும்போது கதிரை வெறுமையாக இருந்தது; மச்சான் எனக்கு முதலே மடைக்குப் போய்விட்டார்.

மடை வரம்பு ஒடுங்கியது. இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் இறங்கித்தான் வழிவிட வேண்டும். வாவிப் பக்கத்து நுனியில் சங்கத் தலைவரும் மீனவரும் பெண்களும். குளத்துப் பக்கத்து நுனியில் மச்சானும் அவருடைய வேலையாளும். நடுவில் மடையின் சீமெந்துப் படியில் நான். எந்தப் பக்கத்தால் போனாலும் ஆரையாவது இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். வெயில் வேறு ஏறிவிட்டது.

நான் குந்தியிருந்து சின்னக் கோப்பைகளில் மஞ்சளையும் நீலத்தையும் ஊற்றினேன். அத்தாங்கு வைத்திருந்த ஒரு பெண், “இதென்ன, சர்பத் விக்க வந்தவரா?” என்று கேட்டா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அதோடு சரி.

பொத்தானை அழுத்துவதற்கு முன், மீற்றர் எவ்வளவு விலகி நிற்கிறது என்று இரண்டு கரைசலிலும் விட்டுப் பார்ப்பது என் பழக்கம். மஞ்சளில் ஆறு தசம் ஏழு காட்டியது. பத்துக் காட்ட வேண்டிய நீலத்தில் ஒன்பது தசம் நாலு. கிழம் நன்றாகவே தளர்ந்திருந்தது. கழுவி, ஒற்றி, திரும்பவும் மஞ்சளில் விட்டேன்.

“இப்ப இது ஆறு தசம் ஏழு எண்டு காட்டுது. நான் இந்தப் பொத்தான அழுத்தினா ஏழாகும். மறுகா வாய்க்கால அளக்கலாம்,” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா அழுத்தியிருக்கலாம். எல்லார் முன்னாலும் நேர்மையாகச் செய்கிறேன் என்று காட்டுகிற ஆசை.

“அழுத்தாதீங்க,” என்றார் சங்கத் தலைவர். “கைய எடுங்க தம்பி.”

“இதச் செய்யாம அளந்தா பிழை வரும்.”

“நாங்க மீன் விக்கிற ஆக்கள். கரையில எங்கட மீன் வாடிக்கு வாற முதலாளி தராசத் தூக்கிப் பிடிச்சிட்டு, ‘பொறு, முள்ளு நேராகல்ல’ எண்டு அடியில திருகாணிய ஒரு திருப்புத் திருப்புவான். அந்தத் திருப்பிலதான் எங்கட மீன் போறது. அதுக்குத்தான் நாங்க ஒரு சட்டம் வச்சிருக்கம். தராசு தூக்கினாப் பிறகு ஒருத்தரும் அதில கை வைக்க ஏலா. அது காட்டுறதக் காட்டட்டும்.”

“அது தராசு. இது வேற.”

“ஒங்கட மச்சான்ட மடைக்கு நீங்க ஒரு சாமானத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கட கண்ணுக்கு முன்னால நம்பர மாத்தப் போறீங்க. இது எப்பிடி வேற?”

நான் கரைசல் போத்தலைத் தூக்கிக் காட்டினேன். “இஞ்ச பாருங்க, இதில ஏழு எண்டு போட்டிருக்கு.”

“போட்டது ஆரு?”

“கொம்பனி.”

“கொம்பனிக்காரன் இஞ்ச நிக்கிறானா?”

நிற்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் எங்கே பிழை என்று என்னால் பிடிக்க முடியவில்லை. மீற்றரை நம்பக் கரைசலை நம்ப வேண்டும். கரைசலை நம்பப் போத்தலை ஒட்டியவனை நம்ப வேண்டும். கடைசியில் என்னை நம்ப வேண்டும். என்னை நம்ப அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. வாழ்நாள் முழுவதும் திருப்புகிற கையையே பார்த்து வந்தவர்கள் அவர்கள்.

அப்போது மச்சான் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னார். “மச்சான், அவங்க சொல்ற மாதிரியே அளவுங்களன்.”

நான் திரும்பிப் பார்த்தேன். பத்துக் கரைசலில் ஒன்பது தசம் நாலு வந்ததை அவர் கண்டிருந்தார். பண்ணைக்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியும். தொடாமல் அளந்தால் வாய்க்கால் தண்ணீரும் குறைத்துத்தான் காட்டும் என்பது அந்த வரம்பில் எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். அவர் முகத்தில் கெஞ்சல் இல்லை, மிரட்டலும் இல்லை. வழியில் கண்டால் எங்கே போகிறீர்கள் என்று கேட்பாரே, அதே முகம்தான்.

யோசித்துப் பாருங்கள். நான் பொய் சொல்ல வேண்டியதில்லை. எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஏமாற்றிவிடுவேனோ என்று பயந்த சனமே, தங்களை ஏமாற்றும் அளவைத் தங்கள் வாயாலே கேட்கிறார்கள். நான் அவர்கள் சொல்லுக்கு மரியாதை கொடுத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். மச்சானின் பண்ணை தப்பும், மனைவி முகம் கோணாது, சங்கமும் என்னில் குறை சொல்லாது. இதைவிட வசதியான குழியை ஒருவனுக்கும் வெட்டியிருக்க மாட்டார்கள். அதற்குள் நான் இறங்கியே விட்டேன் என்று நினைக்கிறேன். ஏனென்றால் என் கை தானாகவே குமிழைக் கழுவி வாய்க்காலில் விட்டது.

எண் ஓடி ஓடி நின்றது. தலைவர் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தானே வாசித்தார். “எட்டுத் தசம் எட்டு.”

அவர் நிமிர்ந்தார். முகம் வாடித்தான் இருந்தது. ஆனாலும், “சரி, ஒம்பதுக்குக் கீழ. சொன்னாச் சொன்னதுதான். துறக்கட்டும்,” என்றார். அவர் ஏதாவது வம்பு பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மனிசன் தன் சட்டத்துக்குத் தானே கட்டுப்பட்டு நின்றார்.

சர்பத் பகிடி சொன்ன பெண் தன் அத்தாங்கைச் சரித்து, அதில் கிடந்த செத்த மீன்களைப் பார்த்தா. “அப்ப இதெல்லாம் என்னத்தில செத்த?” என்று கேட்டா. சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டா. வேலையாள் பலகையைத் தூக்கக் குனிந்தான்.

“பொறு!” என்றேன்.

மனச்சாட்சி, நீதி என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மையில் வந்தது கோபம். பெரியவரில், தலைவரில், மச்சானின் அந்தச் சாந்தமான முகத்தில், எல்லாவற்றையும் விட என்னில். எனக்குத் தெரிந்த வேலை இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று. அதையும் என் கையாலேயே கேவலமாகச் செய்துவிட்டு நிற்கிறேன் என்று தாங்க முடியாத ஆத்திரம்.

“இது பிழையான அளவு,” என்றேன். “உள்ளது ஒம்பதுக்கு மேல.”

“ஆரு சொன்ன?” என்றார் தலைவர்.

“நான் சொல்றன். தொட விட்டீங்க எண்டா காட்டுறன்.”

“தொட்டா கூடுமா?”

“ஓம், கூடும்.”

அவர் என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். தனக்கு நட்டம் வருகிற பக்கம் திருகாணியைத் திருப்புகிறவனை அவர் அதுவரை எந்த வாடியிலும் கண்டிருக்க மாட்டார். “சரி, தொடுங்க,” என்றார்.

மஞ்சளில் விட்டு அழுத்தினேன். கழுவி ஒற்றி, நீலத்தில் விட்டு அழுத்தினேன். பிறகு வாய்க்காலில் விட்டேன். மீற்றரை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். ஒன்பது தசம் மூன்று.

“மடை மூடிக் கிடக்கட்டும்,” என்றார் தலைவர். மச்சான் வேலையாளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவன் பலகையை இறுக்கிச் சேறு பூசினான். மச்சான் வரம்பால் நடந்து போனார். என் பக்கம் திரும்பவில்லை.

ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். நானும் மனிசன்தானே. தலைவர் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் தணிந்த குரலில் பேசினார். “கோவிக்காதீங்க தம்பி. ஒங்கட சாமான் தொட்டா ஏறுது, தொடாட்டி இறங்குது. இண்டைக்கு எங்கட பக்கம் ஏறிச்சு. நாளைக்கு எந்தப் பக்கம் ஏறுமோ தெரியா. அடுத்த முறை வேற ஆள அனுப்பச் சொல்லுங்க.” நான் தலையாட்டினேன். கோப்பைகளைக் கழுவி அடுக்கும்போது, குந்தியிருந்த காலில் உணர்வே இல்லை.

வீட்டுக்கு வருமுன் செய்தி வந்துவிட்டது. மாமி குசினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மனைவி மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றாள். “நீங்க சொன்னதுதான் சரியெண்டு எனக்குத் தெரியும்,” என்றாள். “ஆனா அண்ணன் பச்சத் தண்ணியும் குடிக்காம முன்னால இருக்கிறார். அவரிட்ட நான் என்னெண்டு போய்க் கதைக்கிற? நீங்க உண்மையச் சொல்லிட்டு வந்திட்டீங்க. மறுகா இந்த வளவுக்குள்ள இருக்கப் போறது நான்தானே.”

நானும் இந்த வளவுக்குள்தான் இருக்கப் போகிறேன் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. வெல்லாவெளிக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். போவதென்றாலும் அவர் கதிரையைத் தாண்டித்தான் போக வேண்டும். பின்னால் வாவி. மத்தியானம் முழுவதும் கிணற்றடிக்கும் கதவுக்கும் இடையில் நடந்து திரிந்தேன். வாய் திறந்து அழுதால் கொஞ்சம் குறையும் போல இருந்தது. அதற்கும் அந்த வீட்டில் ஒரு மறைவு இல்லை.

பின்னேரம் லொறி வந்து நின்ற சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் மச்சான் எங்கள் வாசலில் நின்றார். என்னைப் பார்க்காமல் தங்கையிடம் சொன்னார். “குஞ்ச ஆத்தில விடப் போறன். பையில வச்சா விடியமுதல் செத்திரும். அந்தச் சாமானக் கொண்டு வரச் சொல்லு.”

ஆறு என்று அவர் சொன்னது வாவியைத்தான்; அங்கே இயல்பாகவே இருக்கிற இனம்தான். ஆனால் பையின் தண்ணீருக்கும் வாவித் தண்ணீருக்கும் பிஎச் அதிகம் விலகியிருந்தால், விட்ட உடனே குஞ்சு சுருண்டுவிடும். நான் மீற்றரையும் போத்தல்களையும் எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் கரைக்குப் போனேன். பைகள் கரையோரத் தண்ணீரில் மிதந்தன. உள்ளே கண்ணிமை மயிர் போலக் குஞ்சுகள் துடித்துக்கொண்டிருந்தன. வாய்க்கால் மூலைப் பெண்கள் கொஞ்சம் தள்ளி, அத்தாங்கை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புதிதாக மஞ்சள் ஊற்றி, நீலம் ஊற்றி, ஒன்றையும் விடாமல் கலிபிரேட் பண்ணினேன். மச்சான் முழங்கால் தண்ணீரில் நின்று காத்திருந்தார்.

“பை ஏழு தசம் எட்டு,” என்றேன். “ஆத்துத் தண்ணி எட்டுத் தசம் ஒண்டு. கொஞ்சம் கொஞ்சமா ஆத்துத் தண்ணியச் சேத்தா விடலாம்.”

அவர் மீற்றரை எட்டிப் பார்க்கவில்லை. அது சரியா, திரும்ப ஒருக்கா அளவுங்க என்று கேட்கவில்லை. உடனே குனிந்து பையின் முடிச்சை அவிழ்த்து, வாவித் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி உள்ளே விட்டார். பிறகு பையைச் சரித்தார். குஞ்சுகள் ஒரு கலங்கலாகப் போய்த் தண்ணீரில் கலந்தன. அந்த நாள் முழுவதும் நான் சொன்ன எண்ணைத் திருப்பிக் கேட்காமல் நம்பிய ஆள் அவர் ஒருவர்தான். கடைசிப் பையும் முடிந்ததும், வெறும் பைகளை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கரையேறிப் போனார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை.